பத்தடி முகத்தில் கோணிப்போன கண்

பாட்டியின் முகத்தை எங்கள் வீட்டு வெளிச்சுவரில் 10 அடி உயரத்துக்கு வரைந்தேன். சாரத்தில் நின்று பார்த்தபோது எல்லாம் சரியாகவே தெரிந்தது. இறங்கித் தெருவின் எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தால், இடது கண் இரண்டு விரற்கடை மேலே ஏறியிருந்தது. அது பாட்டியே இல்லை.

கட்டம் போட்டுத்தான் வரைந்திருந்தேன். புகைப்படத்தில் ஓர் அங்குலம், சுவரில் ஓர் அடி. கன்னத்துக்கும் நெற்றிக்கும் அது போதும். கண்ணுக்குப் போதாது, படத்தில் அரைக்கால் அங்குலம் பிசகினாலே சுவரில் ஒன்றரை அங்குலம் ஆகிவிடும்.

அப்புறம் கண், மூக்கு, வாய் விழுந்த கட்டங்களை மட்டும் நான்கு நான்காகப் பிரித்தேன். நூலில் நீலப்பொடி தேய்த்து, இழுத்துப் பிடித்துச் சுண்டினால் கோடு நேராக விழும். ஒவ்வொரு கண்ணும் முடிந்ததும் எதிர்ப்பக்கம் போய், முதுகைக் காட்டி நின்று, கைக்கண்ணாடியில் சுவரைப் பார்த்தேன். இடம் வலம் மாறித் தெரிவதால் கோணல் உடனே கண்ணில் படும். இரண்டு நாள் கூடுதலாகப் பிடித்தது. இப்போது பாட்டி தெருவைப் பார்க்கிறாள்.