தடாப் முகாமைப் பள்ளி மைதானத்தில் அளந்து காட்டுவது எப்படி

ஜூன் 20 உலக அகதிகள் நாள். பள்ளி திறந்த பரபரப்பில் ஒரு சுவரொட்டியோடு முடித்துவிடத்தான் தோன்றும். அதைவிட, கென்யாவில் சோமாலிய அகதிகள் வாழும் தடாப் முகாமை மண்ணில் அளந்து காட்டினால் ஒன்பதாம் வகுப்புக்கு நன்றாகப் பிடிபடும்.

வேண்டியவை: 30 மீட்டர் நாடா, முளைக்குச்சி, சணல், ஐந்து கிலோ கோலமாவு, பிளாஸ்டிக் குடம், லிட்டர் அளவை. சுட்ட சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். கண்ணில் பட்டால் புண்ணாக்கும். நம் செம்மண்ணில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும். ஆனால் ஆனிக் காற்று மாவை அள்ளிப் போய்விடும், முதலில் தண்ணீர் தெளியுங்கள். காலை ஒன்பதுக்குள் வேலையை முடிப்பது நல்லது.

முதலில் வீடு. நிவாரண அமைப்புகள் பின்பற்றும் ஸ்ஃபியர் கையேடு ஓர் ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் கூரையடி இடம் சொல்கிறது. ஐந்து பேருக்கு 17.5, அதாவது 5 மீட்டருக்கு 3.5 மீட்டர். மூலை மட்டத்துக்கு 3, 4, 5 மீட்டர் சணல் முக்கோணம் போதும். ஐந்து மாணவரை உள்ளே படுக்கச் சொல்லுங்கள். பிறகு பாதை, கழிப்பறை எல்லாம் சேர்த்து ஆளுக்கு 45 சதுர மீட்டர் என்ற கணக்கில், 15 மீட்டர் சதுரத்தை வெளியே வரையுங்கள். கழிப்பறை ஒன்றுக்கு 20 பேர். அப்படியென்றால் நான்கு வீட்டுக்கு ஒன்று.

தண்ணீர்தான் இந்தப் பாடத்தின் உயிர். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர், குளியல், துவைப்பு, சமையல் எல்லாவற்றுக்கும் சேர்த்து. குடங்களின் கொள்ளளவு ஒன்றுபோல் இராது, அளந்து கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு குழாய்க்கு 250 பேர், நிமிடத்துக்கு 7.5 லிட்டர். கணக்கைப் பிள்ளைகளே போடட்டும்: 3,750 லிட்டர், 500 நிமிடம். குழாய் எட்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் ஓடினால்தான் அந்த 15 லிட்டர். ஊருணியில் வரிசை நின்ற பாட்டிகள் வீட்டில் இருந்தால் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

இங்கே ஒரு தவறு எளிதாக நடக்கும்: இந்த அளவுகளையே தடாபின் நிலைமை என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். இவை குறைந்தபட்ச வரம்பு மட்டுமே. 1991-இல் சோமாலியாவில் அதிபர் சியாத் பாரே ஆட்சி விழுந்தபின் கென்யாவின் கரிசா மாவட்டத்தில், தடாபைச் சுற்றி, இஃபோ, தகஹலே, ஹகதேரா முகாம்கள் எழுந்தன. திட்டம் 90,000 பேருக்கு. 2011 பஞ்சத்தில் எண்ணிக்கை நான்கு லட்சத்தைத் தாண்டியது. வந்தவர் பலர் முகாமுக்கு வெளியே புதரோரம் தங்கினார்கள்.

குடிசை மாதிரி செய்ய வெளியே தேட வேண்டாம். நம் கண்மாய்க்கரைச் சீமைக்கருவேலம் தடாபைச் சுற்றியும் மண்டிக்கிடக்கிறது. அங்கே அதுதான் விறகு, அதுதான் கழி. பச்சைக் கொம்பாக வெட்டி முள்ளைச் சீவி, வில்லாக வளைத்து நட்டு, மேலே துணியும் தார்ப்பாயும் போர்த்துங்கள். காய்ந்த கொம்பு வளைக்கும்போதே ஒடியும். விறகு பொறுக்க வெகுதூரம் போன பெண்கள் தாக்கப்பட்டது 1990-களிலிருந்தே பதிவான செய்தி. பெரிய வகுப்புகளில் அதை மறைக்காமல் சொல்லலாம்.

கடைசியில் சட்டம். சதுரத்துக்கு ஒரே வாசல் வையுங்கள்; வெளியேற ஆசிரியர் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். முகாமை விட்டு நைரோபி போக அங்கேயும் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. முகாமையே மூடுவதாக 2016-இல் கென்ய அரசு அறிவித்தது; 2017 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் தடுத்தது. 2022-இல் நடைமுறைக்கு வந்த புதிய அகதிகள் சட்டம் வேலை செய்யும் உரிமையை ஒப்புக்கொண்டாலும், ஆவணம் கைக்கு வந்தால்தான் அது உரிமை. கென்யா 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேர்ந்த நாடு, இந்தியா சேராத நாடு என்பதையும் சொல்லுங்கள், கேள்வி வரும்.

கிழிந்த சட்டை, கரிபூசிய முகம் என்று வேடம் கட்டுவது வேண்டாம், பார்க்க அசிங்கம். சிவகங்கை மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உண்டு. அங்கிருந்து வரும் பிள்ளை வகுப்பில் இருந்தால் எழுப்பிப் பேசச் சொல்லாதீர்கள். தானாகப் பேசினால் கேளுங்கள். பர்மாவிலிருந்து 1942-இல் நடந்தே வந்த குடும்பக் கதை தெரிந்தவர்களை வீட்டில் விசாரித்து வரச் சொல்வது எல்லோருக்கும் பொதுவான வீட்டுப்பாடம்.