பனிமலைக்குத் துணை தேடும்போது டெல்டாக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துப் பிள்ளைகள் காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போய்ப் பனிச்சறுக்கு பழகிவிட்டு வருகிறார்கள். முதல் வருஷம் அடிப்படைப் பயிற்சி. அடுத்த வருஷமே சிலருக்கு ஆசை வந்துவிடுகிறது: சமப்படுத்தி, கயிறு கட்டி, ஆள் காவல் போட்ட சரிவை விட்டு வெளியே போய், யார் தடமும் படாத பனியில் இறங்க வேண்டும். பேக்கன்ட்ரி என்பது அதுதான். ஆசையில் தப்பில்லை. அங்கே யாரோடு போவது என்று முடிவு செய்கிற விதத்தில்தான் நிறையத் தப்பு நடக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. பனிச்சரிவில், அதாவது மலையிலிருந்து பனி திரளாகச் சரிந்து விழும்போது, முழுதாகப் புதைந்தவரை 10, 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். அரைமணி நேரம் தாண்டினால் பிழைப்பவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். மூச்சுத் திணறல்தான் முக்கியக் காரணம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் கீழேயிருந்து மீட்புக் குழு ஏறி வருவது அநேகமாக நடக்காது. கூட நிற்பவர்தான் உங்கள் மீட்புக் குழு. துணையைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு முடிவையும் இதை வைத்தே எடுக்க வேண்டும்.

ஆனால் நம் ஊரில் துணை சேர்வது வேறு மாதிரி. காலேஜ் சேக்காளி, மச்சான், பெங்களூரில் கூட வேலை பார்ப்பவர் என்று வாட்ஸ்அப் குழுவில் எட்டுப் பேர் சேர்ந்துவிடுவார்கள். விமானக் கட்டணத்தையும் அறை வாடகையையும் பங்கு போடலாம் என்பதுதான் முதல் யோசனை. எட்டுப் பேர் என்பது மலையில் பலமில்லை. ஒருவர் இறங்கும்போது மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும் என்பது அடிப்படை விதி. எட்டுப் பேரில் அது நிச்சயம் குலைந்துவிடும். மூன்று, நான்கு பேர் போதும். அவர்களுக்குள்ளும் சறுக்கும் திறமை ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். "இன்னைக்கு வேண்டாம், திரும்பிடலாம்" என்று ஒருவர் சொன்னால், ஏன் என்று வாதாடாமல் எல்லாரும் திரும்ப வேண்டும். கல்யாண வீட்டில் கூத்தடிக்க நல்ல சேக்காளி இதற்குச் சரிப்படுவார் என்று சொல்ல முடியாது. முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லத் தயங்குகிற பழக்கம் நமக்கு உண்டு. மலையில் அந்தத் தயக்கம் ஆளைக் கொல்லும்.

அடுத்த தவறு, கருவியைக் காசு கொடுத்து வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்பது. டிரான்சீவர் (புதைந்தவரைத் தேட சிக்னல் அனுப்பவும் வாங்கவும் செய்யும் கருவி), புரோப் கம்பி (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), ஷவல் (பனி அள்ளும் மண்வாரி) மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். டிரான்சீவர் எந்தக் கம்பெனியுடையதானாலும் 457 கிலோஹெர்ட்ஸில்தான் வேலை செய்யும், அதனால் ஒன்றின் சிக்னல் இன்னொன்றில் கேட்கும். ஆனால் கைக்குப் பழக்கம் வேண்டும். அதற்கு நம்மிடம் அருமையான இடம் இருக்கிறது: கோடையில் கொள்ளிடத்து மணல். ஒருவர் தன் கருவியைச் சிக்னல் அனுப்பும் நிலையில் வைத்து, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மேல்மணலில் புதைத்துவிட்டு வரட்டும். மற்றவர் நாற்பது மீட்டர் தள்ளியிருந்து தேடத் தொடங்கட்டும். திரையில் அம்புக்குறி நேராகப் போகாது, வளைத்துக் கூட்டிப்போகும். தூரத்தை ஏறக்குறைய மீட்டரில் காட்டும் எண் 38, 24, 11 என்று இறங்கும். மூன்றுக்கு வந்ததும் ஓட்டத்தை நிறுத்தி, குனிந்து, கருவியை மணலை ஒட்டிப் பிடித்து, குறுக்கும் நெடுக்குமாக மெதுவாக நகர்த்த வேண்டும். அவசரக்காரர்கள் இங்கேதான் தாண்டிப் போய்விடுவார்கள், எண் மறுபடி ஏறத் தொடங்கும். எண் மிகக் குறைந்த இடத்தில் கம்பியைக் குத்தி, அங்கிருந்து சுருள் வட்டமாக 25 சென்டிமீட்டர் இடைவெளியில் குத்திக்கொண்டே வெளியே வர வேண்டும். டப்பாவில் இடித்தால் கைக்கு உடனே தெரியும். இறுகிய பனியைத் தோண்டும் பழக்கம் மட்டும் மணலில் வராது, அதைப் பனியில்தான் செய்து பார்க்க வேண்டும். மணலில் உங்களோடு வந்து வியர்க்க மாட்டேன் என்கிறவரை மலைக்கும் கூப்பிடாதீர்கள். இதைக் கறாராகவே சொல்கிறேன்.

செல்போனை டிரான்சீவரை ஒட்டி வைக்கக் கூடாது. அது சிக்னல் மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கும்போது 20 சென்டிமீட்டராவது, தேடும்போது 50 சென்டிமீட்டராவது தள்ளியிருக்கட்டும்.

சரி, கைடு. ஆடியில் புதுவெள்ளம் ஓடும்போது பழகாத படித்துறையில் இறங்குமுன் "இங்க சுழல் இருக்கா?" என்று அந்த ஊர்க்காரரைக் கேட்கிற புத்தி நமக்கு உண்டு. பனிமலையிலும் அதே புத்தி வேண்டும். 2024 பிப்ரவரியில் குல்மார்க்கில் பனிச்சரிவில் ஒரு ரஷ்யர் இறந்தபோது, அந்தக் குழு உள்ளூர் ஆள் இல்லாமல் போயிருந்ததாக அதிகாரிகள் சொன்னார்கள். அதற்கு முந்தைய வருஷம் பிப்ரவரி 1 அன்று குல்மார்க்கின் அஃபர்வட் மலைச்சரிவில் போலந்துக்காரர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். அந்தக் குழுவோடு உள்ளூர் கைடுகள் இருந்தார்கள். ஆகவே கைடு கட்டாயம் வேண்டும், ஆனால் கைடு இருக்கிறார் என்று மூளையை அறையிலேயே விட்டுவிட்டுப் போகவும் கூடாது.

குல்மார்க்கில் வண்டியை விட்டு இறங்கியதுமே ஸ்கீ வாடகை, ஸ்லெட்ஜ், கைடு என்று ஆட்கள் சூழ்ந்துகொள்வார்கள். பிழைப்புக்காக நிற்கும் மனிதர்கள், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சறுக்கக் கற்றுக்கொடுப்பவர் வேறு, பேக்கன்ட்ரி கைடு வேறு. பேரம் பேசுவதற்கு முன் கேள்வி கேளுங்கள். பனிச்சரிவு மீட்பிலும் முதலுதவியிலும் எங்கே பயிற்சி பெற்றார்? ஒரே நேரத்தில் எத்தனை பேரைக் கூட்டிப்போவார்? நேற்றுக் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, பனி எந்தச் சரிவில் சேர்ந்திருக்கிறது? இன்றைய அபாய நிலை ஐந்தில் எத்தனை? கடைசியாக எப்போது, எதனால் பாதியில் திரும்பினார்? கடைசிக் கேள்விக்கு உடனே விவரமாகப் பதில் வந்தால் நல்ல ஆள். "என்னோடு வந்தால் ஒன்றும் ஆகாது" என்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

நீங்களும் அவரிடம் உண்மை பேச வேண்டும். சமப்படுத்திய சரிவில் மட்டும்தான் இறங்கியிருக்கிறேன், ஸ்னோபோர்டில் (இரு காலையும் ஒரே பலகையில் வைத்துச் சறுக்குவது) இடப்பக்கத் திருப்பம் சரியாக வராது என்றால் அப்படியே சொல்லுங்கள். கௌரவத்துக்காக "தெரியும், தெரியும்" என்றால், அதை நம்பி அவர் 35 டிகிரிச் சரிவுக்குக் கூட்டிப்போவார். பனிச்சரிவு அதிகம் கிளம்புவது 30 முதல் 45 டிகிரிக்குள்தான். சிக்கியவரோ கூட வந்தவரோ கிளப்பிவிட்டதுதான் பெரும்பாலான விபத்துகளில் காரணம்.

தேதியிலும் ஏமாந்துவிடுகிறோம். ஜனவரி, பிப்ரவரியில் சம்பா அறுவடை. அறுப்பு மெஷின் கிடைக்கிற நாளைப் பொறுத்துக் கிளம்பி, நான்கே நாளில் திரும்ப டிக்கெட் போட்டால், புதுப்பனி கொட்டி முடிந்த மறுநாளே மேலே போயாக வேண்டிய நெருக்கடி வந்துவிடும். பனிப்பொழிவின்போதும் அதற்கடுத்த ஓரிரு நாளும்தான் ஆபத்து அதிகம். போதாததற்கு, கடல் மட்டத்தை ஒட்டிய ஊரிலிருந்து 2,650 மீட்டரில் இருக்கும் குல்மார்க்குக்குப் போய், அங்கிருந்து கொண்டோலா என்கிற கேபிள் காரில் 3,900 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். உடம்பு பழகவே ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். அறுவடை முடிந்து மார்ச் தொடக்கத்தில், கையில் மூன்று நாள் உபரியாக வைத்துக்கொண்டு போவது உத்தமம்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். நம் ஊர் பிரீபெய்ட் சிம் காஷ்மீரில் எடுக்காது, போஸ்ட்பெய்ட் வேண்டும். பயண இன்சூரன்ஸ் எடுத்தால் சமப்படுத்திய சரிவின் எல்லைக்கு வெளியே சறுக்குவதற்கும் அது செல்லுமா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள், பல பாலிசிகளில் செல்லாது. கைடுக்கு முன்பணம் அனுப்பும்போதே, வானிலையால் மலைக்குப் போகாத நாளுக்குக் கூலி எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாளுக்கும் நியாயமான பாதிக் கூலியாவது தருவதாக நீங்களே சொல்லிவிடுங்கள். அப்போதுதான் பணத்தை நினைத்து அவர் உங்களை மேலே கூட்டிப்போக மாட்டார்.