பக்கவாத நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்: வீட்டில் நடக்கும் தவறுகள்

கைகால் விழுந்தவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றே முதல் தவறு நடந்துவிடுகிறது. "அம்மா இருக்காங்க, பார்த்துக்குவாங்க" என்று எல்லாவற்றையும் ஒரே ஆள் தலையில் கட்டிவிட்டு, மகன்கள் ஓசூர் ஷிஃப்டுக்கும் பெங்களூர் வேலைக்கும் போய்விடுகிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் அந்த ஒரே ஆள் பெரும்பாலும் மனைவி, இல்லாவிட்டால் மருமகள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் அவர்தான், புண் வராமல் இரவில் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பதும் அவர்தான். இப்படி எத்தனை நாள் தூங்காமல் இருப்பார்?

"மகராசி, தாங்கு தாங்குன்னு தாங்குறா" என்று புகழ்வது அடுத்த தவறு. புகழ்ந்துவிட்டால் அவரால் முடியவில்லை என்று வாய் திறக்கவே முடியாது. 1999ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், துணையைக் கவனிப்பதால் நொந்துபோயிருந்த முதியவர்கள், அப்படிப் பொறுப்பு இல்லாதவர்களைவிட நான்காண்டுகளுக்குள் இறக்கும் வாய்ப்பு 63 சதவீதம் அதிகமாக இருந்தது. ஜப்பானில் 2000லேயே முதியோர் பராமரிப்புக் காப்பீடு வந்துவிட்டது. இங்கிலாந்தில் 2014 சட்டப்படி, பார்த்துக்கொள்பவர் தன் தேவைகளையும் மதிப்பிடச் சொல்லிக் கேட்கலாம். நம்மிடம் இருப்பது சொந்தபந்தம்தான். பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு கிளம்பிவிடாமல், இரண்டு மணி நேரம் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து அந்த அம்மாவைப் படுத்துத் தூங்கச் சொல்லட்டும். வெளியூரில் இருக்கும் மகன் மாதத்தில் எந்த நாட்களில் வந்து பார்த்துக்கொள்வார் என்பதையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துவிட வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் பக்கத்துக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. ராகிக் களியை நாம் மெல்லுவதில்லை, உருட்டி அப்படியே விழுங்குவோம். விழுங்கும் சக்தி குறைந்தவருக்கு அந்த உருண்டை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வெறும் தண்ணீரும் புரையேறி நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். என்ன பதத்தில் கொடுக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நேராக உட்கார வைத்து, சின்ன ஸ்பூனில், ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள்.

தூக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள் மூட்டு இறங்கிவிடும்.

கொஞ்சம் தேறியதும் மாத்திரையை நிறுத்துவதும், அதை விட்டுவிட்டுப் புறா ரத்தம் தேய்ப்பதும் இன்னும் நடக்கின்றன. மாத்திரையை நிறுத்தினால் மறுபடியும் பக்கவாதம் வரும் அபாயம் கூடும். நோயாளி காரணமில்லாமல் அழுதாலோ பேசாமல் கிடந்தாலோ "அடம் பிடிக்கிறார்" என்று நினைக்காதீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதற்கும் வைத்தியம் உண்டு.

கேட்டால் கிடைக்கும் உதவியைக் கேட்காமலே இருப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதில் அடக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். அவர்கள் வரும் நாளில், பார்த்துக்கொள்கிற அம்மாவுக்கும் பிரஷர், சுகர் பார்க்கச் சொல்லுங்கள்.