கோடியக்கரைக் காட்டில் முதல் நடை: பாலை மரத்திலிருந்து தொடங்குங்கள்

டெல்டாக்காரர்களுக்குக் காடு என்றால் மலைதான் நினைவுக்கு வரும். வேதாரண்யத்திலிருந்து அகஸ்தியன்பள்ளி உப்பளங்களைத் தாண்டிப் போனால், வயல் மாதிரியே தட்டையான தரையில் ஒரு காடு நிற்கிறது. உலர் பசுமைமாறாக் காடு. மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான்; ஆனாலும் கோடையில் மொட்டையாகாது. இந்த வகைக் காடு சோழமண்டலக் கரையில் இன்று பெரும்பாலும் கோயில்காடுகளாகத் துண்டு துண்டாகத்தான் மிச்சம்.

1. விடியற்காலையில் போங்கள். வனத்துறைச் சாவடியில் அனுமதி வாங்கி, முழுக்கால் சட்டை, மூடிய செருப்போடு நடங்கள். தண்ணீர் அவசியம். தின்பண்டத்தைக் குரங்கு கண்ணில் காட்டாதீர்கள்.

2. மானைத் தேடி ஓடாமல் முதலில் ஒரு மரத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்: பாலை. தடித்த, தோல் போன்ற கரும்பச்சை இலை. நுனி கூராக இருக்காது, நடுவில் லேசாக உள்வாங்கியிருக்கும். கிள்ளினால் பால் வரும், ஆனால் கிள்ள வேண்டாம். கீழே கிடக்கும் இலையே போதும். கட்டை இரும்பு மாதிரி. உலக்கைப்பாலை என்ற பேரே காரணத்தைச் சொல்லிவிடும். உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், நானும் முதல் தடவை "இவ்வளவுதானா?" என்றுதான் நினைத்தேன். உப்புக்காற்றில் மெதுவாக வளரும் மரம்; பருமனைப் பாருங்கள். இந்த ஒன்று பிடிபட்டால் மற்ற மரங்கள் தானாகப் பிரிந்து தெரியும்.

3. விழுந்து கிடக்கும் மரங்களிடம் கொஞ்சம் நில்லுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் இந்தக் காட்டைப் புரட்டிப் போட்டது. அப்படித் திறந்த இடத்தில் என்ன முளைக்கிறது என்று பாருங்கள்: பாலைக் கன்றா, சீமைக் கருவேலா? என்னைக் கேட்டால், இந்த நடையில் முக்கியமான கேள்வி இதுதான்.

4. அப்புறம் புல்வெளிக்கு வாருங்கள். இந்தச் சரணாலயம் 1967இல் அமைந்ததே வெளிமானுக்காக. பெயருக்கேற்ப வெட்டவெளியில்தான் மேயும். முறுக்குக் கொம்பும் கருத்த முதுகும் இருந்தால் கிடா. பழுப்பு நிறத்தில் கொம்பில்லாமல் இருந்தால் பெட்டை. புள்ளிமான் மர நிழலை ஒட்டி நிற்கும். மட்டக்குதிரைகளும் வரும், காட்டுக்குதிரை அல்ல. வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்தவை.

5. பூநாரைகள் வேண்டுமென்றால் மார்கழி, தை வாக்கில் சதுப்பு நிலப் பக்கம் போக வேண்டும். அது தனி நடை. இதே நாளில் திணிக்காதீர்கள்.

6. கடைசியாக இராமர் பாதம் மேட்டில் ஏறுங்கள். மேடு என்றால் சில அடிதான், இந்தத் தட்டை ஊருக்கு அதுவே மலை. நீங்கள் நடந்து வந்த பாலை மரங்களின் தலைகள் மேலிருந்து தெரியும்.