ஹெலிகாப்டர் பைலட் ஆகப் பணம் கட்டும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லைசென்ஸ் வந்துவிட்டால் வேலையும் வந்துவிடும் என்று நம்பிப் பணம் கட்டுவதுதான் இந்தத் துறையில் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். இந்தியாவில் கமர்ஷியல் ஹெலிகாப்டர் லைசென்ஸுக்கு 150 மணி நேரம் பறந்திருந்தால் போதும். ஆனால் அதே வேலைக்கு வந்து நிற்பவர்களில் பலர் ராணுவத்திலும் விமானப்படையிலும் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்து ஓய்வு பெற்றவர்கள். நாட்டில் இருக்கும் சிவில் ஹெலிகாப்டர்களோ 300-க்கும் குறைவு. அதனால் "லைசென்ஸுக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்பதற்கு முன் "151-வது மணி நேரத்தை எனக்கு யார் தருவார்கள்?" என்று கேளுங்கள். கடன் வாங்கப்போகும் பெற்றோரும் இதைக் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் படித்தால் சரியாகிவிடும் என்பார்கள். அங்கே புதியவர்கள் பயிற்றுநராகி, மாணவர்களோடு பறந்து, 1000 மணி நேரம்வரை சேர்த்த பிறகே சுற்றுலா, கடல் வேலைகளுக்குப் போகிறார்கள். எம்-1 விசாவில் (தொழிற்பயிற்சிக்கான மாணவர் விசா) போனால் படிப்புக்குப் பின் பயிற்சி வேலைக்குக் கிடைப்பது அதிகபட்சம் 6 மாதம். அதற்குள் அவ்வளவு மணி நேரம் சேர்ப்பது மிகக் கடினம். ராபின்சன் ஆர்22, ஆர்44 போன்ற சிறிய ஹெலிகாப்டர்களில் பழகிவிட்டுத் திரும்பினால், இங்கே வேலை இருப்பது பெல் 407, பெல் 412, ஏடபிள்யூ139 போன்ற பெரிய ஹெலிகாப்டர்களில். ஒவ்வொன்றுக்கும் டைப் ரேட்டிங், அதாவது அந்த மாடலை ஓட்டுவதற்கான பயிற்சியும் அனுமதியும், தனி. அந்தச் செலவைக் கம்பெனி ஏற்றால் பெரும்பாலும் பாண்ட் (இத்தனை வருடம் இங்கேயே வேலை செய்வேன் என்ற ஒப்பந்தம்) கேட்கும். எத்தனை வருடம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கமர்ஷியல் பைலட்டுக்கான உடல்தகுதிப் பரிசோதனையான கிளாஸ் 1 மெடிக்கலை முடிக்காமல் ஃபீஸ் கட்டவே கூடாது.

சம்பளத்தில் பலர் பார்ப்பது மாதத் தொகையை மட்டும். நிலையான சம்பளம் எவ்வளவு, பறந்தால்தான் கிடைப்பது எவ்வளவு, மாதத்துக்கு எத்தனை மணி நேரம் உத்தரவாதம் என்று பிரித்துக் கேளுங்கள். கேதார்நாத் போன்ற யாத்திரை வேலை சீசனை நம்பியது. மழைக்காலத்தில் பறப்பது குறையும், குளிர்காலத்தில் கோயிலே மூடிவிடும். ஏர்லைன் கேப்டன் சம்பளத்தோடு இதை ஒப்பிடுவதில் பயனில்லை.

என்னைக் கேட்டால், மும்பை ஜுஹுவிலிருந்து சுமார் 160 கி.மீ. தள்ளிக் கடலில் இருக்கும் எண்ணெய்த் தளங்களுக்குப் பறக்கும் வேலைதான் இளைஞருக்கு நல்லது. இரட்டை எஞ்சின், இரண்டு பைலட்டுகள். கோ-பைலட்டாக உட்கார்ந்து மூத்தவரிடம் கற்கலாம். அதற்கு முன் ஒரு தண்ணீர்ப் பயிற்சி உண்டு: மாதிரி கேபினைக் குளத்தில் இறக்கித் தலைகீழாகப் புரட்டுவார்கள், மூச்சை அடக்கி, பெல்ட்டை அவிழ்த்து, ஜன்னல் வழியே வெளியே வர வேண்டும்.

மலையில் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலும் ஒற்றை எஞ்சின், ஒரே பைலட். கேதார்நாத் தளம் 3,500 மீட்டருக்கும் மேலே. காற்று மெலிந்திருக்கும், பள்ளத்தாக்கு குறுகல், மேகம் நிமிடத்தில் மூடும். 2025 ஜூன் 15 காலை கேதார்நாத் வழியிலுள்ள கௌரிகுண்ட் அருகே ஒரு ஹெலிகாப்டர் விழுந்து குழந்தை உட்பட 7 பேர் இறந்தார்கள். அதே காலை மோசமான வானிலையில் பறந்த வேறொரு கம்பெனியின் இரண்டு பைலட்டுகளின் லைசென்ஸ் 6 மாதத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டது. டிரிப் எண்ணிக்கைக்காகப் பறக்கச் சொல்லி நெருக்கும் இடத்தில் எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் சேராதீர்கள். வானிலை சரியில்லை என்று பைலட் மறுத்தால் அந்த நாளின் சம்பளம் என்னவாகும் என்று நேர்காணலிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.