ஹைபிரிட் கார் பேரம்: பணம் கழன்று போகிற இடங்கள்

டெஸ்ட் டிரைவ் போகாமல் வாங்காதீர்கள், நாலு ஷோரூம் ஏறி இறங்குங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதை விட்டுவிடுவோம். முதல் ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரியில் ஓடும் மோட்டாரும் சேர்ந்த கார்) வாங்க வருகிறவர்கள், ஏற்கெனவே இரண்டு மூன்று பெட்ரோல் கார் வாங்கிப் பழகியவர்கள்கூட, திரும்பத் திரும்பச் சறுக்குவது வேறு இடங்களில். பெட்ரோல் கார் பெரும்பாலும் யார்டில் நிற்கும். நன்றாக ஓடுகிற ஹைபிரிட் மாடலுக்கு வெயிட்டிங் இருக்கும். கண்ணெதிரே நிற்கும் வண்டிக்குப் பேசுகிற பேரத்தை, இன்னும் வராத வண்டிக்குப் பேச முடியாது.

பெயரை மட்டும் பார்ப்பது

மைல்ட் ஹைபிரிட்டும் பிரோஷரில் ஹைபிரிட்தான். அதிலுள்ள 12 அல்லது 48 வோல்ட் மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்கும். பெரும்பாலான மாடல்களில் அது தனியாக வண்டியை இழுக்காது. இன்ஜின் சூடானபின் ஏசியை அணைத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துப் பாருங்கள். பேட்டரியில் சார்ஜ் இருந்தும் ஒவ்வொரு முறையும் இன்ஜின் கிளம்பித்தான் வண்டி நகர்கிறது என்றால், அதற்கு ஸ்ட்ராங் ஹைபிரிட் (மோட்டார் தனியாகவும் வண்டியை இழுக்கும் வகை) விலை கொடுக்க வேண்டியதில்லை.

லிட்டரில் கணக்குப் போடாமல் உட்காருவது

ஒரே மாடலின் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர், ஹைபிரிட் 23 என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டினால் ஒன்றுக்கு 800 லிட்டர், மற்றதற்குச் சுமார் 522. மிச்சம் 278 லிட்டர். இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை ஒரு லிட்டர் பெட்ரோல் விலையால் வகுங்கள். 2,000 லிட்டர் வந்தால், போட்ட பணம் திரும்ப ஏழு வருஷத்துக்கு மேல் ஆகும். அதை ஐந்தாக்க எவ்வளவு குறைய வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால்தான் பேரம் பேச ஒரு எண் கையில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஹைபிரிட்டின் லாபத்தில் பெரும் பங்கு, பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைப் பேட்டரியில் சேர்ப்பதிலிருந்தும், நின்று நகரும் டிராஃபிக்கில் இன்ஜினை அணைத்து வைப்பதிலிருந்தும் வருகிறது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகிறவருக்கு அந்த 278 பாதியாகக்கூடக் குறையலாம்.

விலையை எழுதி வாங்காமல் முன்பணம் கட்டுவது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் குறையாத தவறு இது.

வழக்கமாக நடப்பது இப்படி. பிடித்த வேரியன்ட், பிடித்த வெள்ளை நிறம். நாலு மாத வெயிட்டிங். தள்ளுபடியைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் டெலிவரி டைம்ல பாத்துக்கலாம் சார்" என்று பதில் வருகிறது. ரசீதின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: டெலிவரி நாளன்று நடப்பிலுள்ள விலையே பொருந்தும். அதைப் படிக்காமல் பணம் கட்டியாகிறது. மூன்றாம் மாதம் நல்ல விலை கிடைத்ததென்று பழைய காரையும் விற்றாகிறது. ஐந்தாம் மாதம் ஒரு போன்: "சார், வெள்ளை வரல. சில்வர் ஒண்ணு வந்திருக்கு, மேல் வேரியன்ட், ஆக்சஸரி பேக் போட்டே வந்திருக்கு. சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க, அடுத்தவர் காத்திட்டிருக்கார்." இடையில் கம்பெனி விலையை ஏற்றியிருக்கும். வேண்டாமென்றால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். வீட்டிலோ வண்டி இல்லை. கையெழுத்து விழுந்துவிடும்.

யாரும் ஏமாற்றவில்லை. எழுந்து வேறு ஷோரூமுக்குப் போகலாம் என்ற ஒரே பிடி வாங்க வந்தவரிடம் இருந்தது. முன்பணத்தோடு அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

பணம் கட்டுவதற்கு முன் புக்கிங் படிவத்திலேயே, முத்திரையும் மேலாளர் கையெழுத்துமாக, இவை எழுதப்பட்டிருக்க வேண்டும்: வேரியன்ட்டின் முழுப் பெயர், முதல் நிறம், மாற்று நிறம், வரி, பதிவு, இன்ஷூரன்ஸ் தனித்தனியாகப் பிரித்த மொத்த விலை, தள்ளுபடித் தொகை, விலை ஏறினாலும் அது குறையாது என்ற வாக்கியம், நீங்கள் கேட்காத ஆக்சஸரி எதுவும் பொருத்தப்படாது என்பது, எந்தத் தேதிக்குள் வண்டி ஒதுக்கப்படும், தவறினால் எத்தனை நாளில் முன்பணம் முழுதாகத் திரும்பும் என்பது. கம்பெனி ஏற்றும் விலையைப் பல ஷோரூம்கள் தங்கள் தலையில் போட்டுக்கொள்ளாது. சரி, அதை விட்டுக்கொடுங்கள். தள்ளுபடியையும் பணம் திரும்பும் நிபந்தனையையும் விட்டுக்கொடுக்காதீர்கள். அவற்றை எழுத மறுத்தால் ரசீது வாங்காமல் எழுந்து வாருங்கள். முழுப் பணமும் திரும்பும் என்று எழுத்தில் இருந்தால் இரண்டு ஷோரூம் வரிசையில் நிற்பதில் தப்பே இல்லை.

பழைய காரை, புது வண்டியின் சேசிஸ் நம்பர் (அதன் அடையாள எண்) ஒதுக்கப்பட்டு அது உங்கள் கைக்கு வரும்வரை விற்காதீர்கள். எக்ஸ்சேஞ்சுக்குச் சொன்ன விலை எத்தனை நாள் செல்லும், வங்கியின் கடன் அனுமதிக் கடிதம் எப்போது காலாவதியாகும் என்பதையும் கேட்டு வையுங்கள். வெயிட்டிங் நீண்டால் இவை இரண்டும் முதலில் உதிரும்.

மாதக் கடைசியை மந்திரமாக நினைப்பது

இலக்கை முடிக்க அவசரப்படும் ஷோரூம் இறங்கி வரும் என்பது உண்மை. யார்டில் நிற்கும் வண்டிக்கு மட்டும். அதுவும் அந்த மாதக் கணக்கில் விற்பனை ஏறினால்தான் அவர்களுக்குப் பயன். ஆகவே 30ஆம் தேதி பேச்சைத் தொடங்காமல், 22, 23 வாக்கில் கடன் அனுமதியோடு போங்கள். வெயிட்டிங் வண்டிக்கு மாதக் கடைசியும் ஒன்றுதான், முதல் தேதியும் ஒன்றுதான். அதற்கு வேறொரு கதவு உண்டு: யாரோ கேன்சல் செய்த வண்டி. ஏற்கெனவே வந்து நின்று வட்டி தின்றுகொண்டிருக்கும். "கேன்சல் ஆனது ஏதும் இருக்கா?" என்று வாரம் ஒருமுறை கேளுங்கள்.

தவணையில் பேரம் பேசுவது

9 சதவீத வட்டியில் 10 லட்சம் கடன்: 5 வருஷத்துக்கு மாதம் சுமார் 20,760, 7 வருஷத்துக்குச் சுமார் 16,090. தவணை குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டவர் கூடுதலாகக் கட்டுவது ஒரு லட்சத்துக்கு மேல். மொத்த விலை முடியும்வரை தவணை என்ற பேச்சை எடுக்காதீர்கள்.

நிறத்தில் பிடிவாதம்

இரண்டு நிறத்துக்குச் சம்மதியுங்கள், போதும்.

இலவச சீட் கவர்

பல ஹைபிரிட்களில் மோட்டாரை ஓட்டும் பெரிய பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, பின்சீட்டின் ஓரத்திலுள்ள ஜன்னல்போன்ற துவாரம் வழியாகத்தான் உள்ளே போகிறது. அதை மூடுகிற கவரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதற்குப் பதில் ரொக்கத் தள்ளுபடி கேளுங்கள்.

நின்ற வண்டியைச் சோதிக்காமல் எடுப்பது

தள்ளுபடி தாராளமாக வந்தால் வண்டி எவ்வளவு நாளாக நிற்கிறது என்று பாருங்கள். 17 எழுத்து சேசிஸ் நம்பரில் பல கம்பெனிகள் 10ஆவது எழுத்தில் மாடல் வருஷத்தை வைக்கின்றன: R என்றால் 2024, S 2025, T 2026. டயர் பக்கவாட்டில் 3424 என்றிருந்தால் 2024இன் 34ஆவது வாரம் செய்தது.

அடுத்து 12 வோல்ட் பேட்டரி. ஹைபிரிட்டிலும் அது உண்டு; கணினியை எழுப்பி, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேக்களை, அதாவது மின் ஸ்விட்சுகளை, மூடுவது அதன் வேலை. அது செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி கிளம்பத் தயாரான ரெடி நிலைக்கு வராது. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் அது பலமுறை வற்றியிருக்கும். சில மணி நேரம் அணைத்து வைத்தபின் மல்டிமீட்டரில் சாதாரண லெட் ஆசிட் பேட்டரி 12.6 வோல்ட் அருகில் காட்ட வேண்டும். 12.2க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட்டுத் தருகிறோம் என்பதை ஏற்காதீர்கள். புதிய பேட்டரி என்று டெலிவரி சீட்டில் எழுதி வாங்கியபின் சாவியை வாங்குங்கள்.