பழைய சென்சஸில் ‘வேலை செய்பவர்’ யார்? எண்ணை எடுக்கும் முன் கேள்வியைப் பாருங்கள்

1961 சென்சஸ்படி இந்தியாவில் வேலை செய்த பெண்கள் சுமார் 5.9 கோடி. 1971இல் சுமார் 3.1 கோடி. இந்த இரண்டு எண்ணையும் ஒரே கிராஃபில் போட்டு, பத்தே வருடத்தில் பாதிப் பெண்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள் என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், ஏனென்றால் அங்கே பெரிதாக மாறியது கேள்விதான்.

1961இல் விவசாயம் மாதிரியான பருவ வேலையில், சீசனின் பெரும்பகுதி நாட்களில் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்திருந்தாலே ஒருவர் வேலை செய்பவர். 1971இலோ முதலில் முக்கியமாக என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். நாற்று நட்டு, களை பறித்து, மாட்டுக்குத் தீவனம் வைத்து, வீட்டுக்கு வந்து சமைக்கிற ஒரு பெண்ணுக்கு என்ன பதில் வரும்? ‘வீட்டைப் பார்த்துக்கிறாங்க’ என்று வாசலில் நிற்கிற வீட்டுக்காரர் சொல்லிவிட்டால் முடிந்தது, அவள் வேலை செய்யாதோர் பக்கம். வயல் வேலையைச் சொன்னாலும் அது ‘இரண்டாவது வேலை’ என்று தனியாகத்தான் பதிவாகும். அந்த அட்டவணையைத்தான் பலர் திறந்தே பார்ப்பதில்லை.

1981இல் 183 நாள் கணக்கு வந்தது: அத்தனை நாளோ அதற்கு மேலோ உழைத்தால் ‘மெயின்’, குறைந்தால் ‘மார்ஜினல்’. மெயினை மட்டும் எடுத்துவிட்டு மொத்தத் தொழிலாளர் என்று எழுதினால் மறுபடியும் காணாமல் போவது பெரும்பாலும் பெண்கள்தான்.

சரி, இன்னும் பின்னால் போனால் வேறு வகைக் குழி. 1951இல் மூன்று வகை: தன் சம்பாத்தியத்தில் வாழ்பவர், சம்பாதித்தும் அது தனக்கே போதாதவர், சம்பாதிக்காமல் சார்ந்திருப்பவர். நடு வகைக்கு ‘சம்பாதிக்கும் சார்ந்திருப்பவர்’ என்று பெயர், அதில் ‘சார்ந்திருப்பவர்’ என்ற சொல் இருப்பதால் வேலையில்லாதவர் என்று தள்ளிவிடுகிறார்கள். அவர்களும் உழைத்தவர்கள்தான்.

1901, 1911 அட்டவணைகளில் இதற்கு நேர்மாறு. ஒரு தொழிலை நம்பி வாழ்பவர் என்ற எண்ணில் அதைச் செய்பவரோடு அவரை அண்டி வாழ்பவர்களும் சேர்த்தி, நெசவாளர் வீட்டுக் கைக்குழந்தைகூட நெசவுக் கணக்கில் வரும்! ‘உண்மையில் வேலை செய்பவர்’ என்று தனியாக ஒரு பத்தி இருக்கும், அதை எடுங்கள்.

அப்புறம் ‘கூலி’. என்ன கூலி என்று சொல்லாதவர்களுக்கென்றே தெளிவில்லாத தொழில்கள் என்று ஒரு பிரிவு வைத்திருந்தார்கள், அதற்குள் எத்தனை பேர் வயலில் இறங்கியவர்கள் என்று யாராலும் பிரிக்க முடியாது. அதனால் விவசாயக் கூலிகள் கூடினார்கள், குறைந்தார்கள் என்று சொல்லும் முன் அந்தப் பிரிவு அதே காலத்தில் எவ்வளவு வீங்கியது, எவ்வளவு சுருங்கியது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.